ஆறு வலைக்கு வராத கணக்கு

1

போன கிழமை எங்கள் பல்கலைக்கழக நிர்வாகப் பிரிவிலிருந்து ஒரு பெண் எனக்கு மின்னஞ்சல் போட்டிருந்தார். மிகப் பணிவான மின்னஞ்சல். வருடாந்த அறிக்கையில் 'உங்கள் ஆய்வால் பயன்பெற்ற துறை' என்ற கேள்விக்கு நான் 'மீன்பிடி' என்ற கட்டத்தில் சரி போட்டிருக்கிறேனாம். கை தவறி விழுந்திருக்கலாம், திருத்திவிடட்டுமா என்று கேட்டிருந்தார்.

அவரைக் குறை சொல்ல முடியாது. இங்கே பேர்கன் நகரத்துக்கு வந்த நாள் முதல் ஒவ்வொரு வருஷமும் 'தொலைத்தொடர்பு' என்ற கட்டத்தில்தான் சரி போட்டு வந்திருக்கிறேன். நான் கணிதக்காரி. கணிதக்காரர்களிடம் உங்கள் வேலையால் யாருக்கு என்ன பயன் என்று கேட்டால் நாங்கள் கொஞ்சம் விழிப்போம், பிறகு தொலைபேசியைக் காட்டித் தப்பிவிடுவோம். நோர்வே மீன் விற்று நிமிர்ந்த நாடு என்பதால் எல்லாப் படிவத்திலும் மீன்பிடிக்கு ஒரு கட்டம் இருக்கும். என் துறையில் அதைத் தொட்டவர் யாரும் இல்லை.

கை தவறவில்லை, அப்படியே இருக்கட்டும் என்று பதில் போட்டேன். மதியம் கோப்பி குடிக்கும் இடத்தில் நாலு பேர் என்னைச் சுற்றிக்கொண்டு விளக்கம் கேட்டார்கள். இவர்களுக்குக் கரைவலை என்றால் என்ன என்பதிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. உங்களுக்கு அந்தச் சிரமம் இல்லை, ஆகவே உங்களுக்கும் ஒருமுறை எழுதிவிடுகிறேன்.

2

முதலில் என் வேலை. பயப்படாதீர்கள், கூட்டல் தெரிந்தால் போதும்.

செய்திகள் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் போகும் வழிகளைப் பற்றிய கணிதம் என்னுடையது. வலையமைப்புக் குறிமுறை என்று பெயர். நடுவில் நிற்கிற கருவி தபால்காரரைப் போல வாங்கினதை அப்படியே கொடுத்துக்கொண்டிருந்தது ஒரு காலம். அது வாங்கினதைக் கலந்தும் கொடுக்கலாம் என்று கண்டுபிடித்ததிலிருந்து எங்கள் துறை பிறந்தது. பாலாவிச் சந்தியில் ஒருவர் நிற்கிறார் என்று வையுங்கள். சிலாபம் பக்கத்திலிருந்து ஒருவர் நாலு என்று சொல்கிறார். கற்பிட்டிப் பக்கத்திலிருந்து ஒருவர் ஒன்பது என்று சொல்கிறார். சந்தியில் நிற்பவர் இரண்டையும் தனித்தனியாகக் கூவத் தேவையில்லை. பதின்மூன்று என்று ஒரே தடவை கூவினால் போதும். நாலு சொன்னவர் தன் நாலைக் கழித்துக்கொள்வார், ஒன்பது சொன்னவர் தன் ஒன்பதைக் கழித்துக்கொள்வார். மற்றவர் சொன்னது இருவர் கையிலும் இருக்கும்.

இன்னும் ஒரு படி. இரண்டு செய்திகள், நாலு தூதர்கள். வழியில் யார் தொலைந்தாலும் சரி, எந்த இரண்டு பேர் வந்து சேர்ந்தாலும் இரண்டு செய்தியும் தெரிய வேண்டும். முதலாமவர் முதல் எண்ணைக் கொண்டுபோகிறார். இரண்டாமவர் இரண்டாம் எண்ணை. மூன்றாமவர் இரண்டையும் கூட்டிக் கொண்டுபோகிறார். நாலாமவர் முதல் எண்ணோடு இரண்டாம் எண்ணை இரண்டு தடவை கூட்டிக் கொண்டுபோகிறார். எண்கள் கடிகார மணிபோலச் சுற்றி வரும். ஏழு மணிக் கடிகாரமாக இருந்தால் இந்த ஏற்பாடு அச்சொட்டாக வேலை செய்யும். ஆறு மணிக் கடிகாரமாக இருந்தால் சறுக்கும். அதில் மூன்றை இரட்டித்தாலும் முள் ஆறில் நிற்கும், ஆறை இரட்டித்தாலும் ஆறில் நிற்கும். முதலாமவரும் நாலாமவரும் மட்டும் வந்து சேர்ந்தால் அனுப்பியது மூன்றா ஆறா என்று யாராலும் சொல்ல முடியாது.

வேறு விதமாகக் கலந்து பார்க்கலாமே என்பீர்கள். எப்படிக் கலந்தாலும் ஆறுக்கு வராது. அதற்கான காரணம் இந்தத் துறை பிறக்க இருநூறு வருஷத்துக்கு முன்பே ஒரு விளையாட்டுக் கேள்வியாக இருந்தது. ஆறு படைப்பிரிவு, ஆறு பதவி, ஆக முப்பத்தாறு அதிகாரிகள். அவர்களைச் சதுரமாக நிறுத்த வேண்டும். எந்த வரிசையிலும் எந்த நிரலிலும் ஒரே பிரிவோ ஒரே பதவியோ இரண்டு தடவை வரக் கூடாது. அக்காலத்தின் பெரிய கணித மூளை ஒன்று அது முடியாது என்று ஊகித்தது, பின்னால் வந்தவர்கள் முடியவே முடியாது என்று நிறுவினார்கள். சதுரத்தில் ஆட்களை நிறுத்துவதும் செய்திகளைக் கலப்பதும் ஒரே கணக்கு என்று காட்டுவதுதான் என் பிழைப்பு. வருஷா வருஷம் மாணவர்களுக்கு இதைக் கற்பிக்கிறேன். இந்தக் கடைசி வரியைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

3

எங்கள் கரை பாலாவியிலிருந்து கற்பிட்டிக்குப் போகிற ரோட்டில், கடல் பக்கமாக இறங்கினால் வரும். எங்கள் என்று இப்போது சொல்கிறேன். தொண்ணூறில் வடக்கு முஸ்லிம்களை ஊரைவிட்டு வெளியேற்றியபோது மன்னாரிலிருந்து வந்து இறங்கினோம்; எனக்கு ஆறு வயது, என் அண்ணன் ரிஸ்வான் நானாவுக்குப் பதினாறு. வாப்பாவுக்கு மன்னாரில் சொந்தக் கரைவலை இருந்தது. அதைக் கட்டித் தூக்கிக்கொண்டு வருகிற மாதிரியான பயணம் அல்ல அது. இங்கே வந்த பிறகு வாப்பாவும் நானாவும் மற்றவர்களுடைய வலைக்குக் கயிறு இழுத்தார்கள். வாப்பா மவுத்தாகி இங்கேயே அடங்கினார். நானா இன்னும் இழுத்துக்கொண்டிருந்தார்.

கரைவலை தெரியாத ஒருவர் இதை வாசித்தால் அவருக்காக இரண்டு வரி. வள்ளத்தில் வலையைக் கொண்டுபோய்க் கடலில் அரைவட்டமாகப் போடுவார்கள். இரண்டு பக்கத்துக் கயிறையும் கரையில் நிற்பவர்கள் பல மணி நேரம் இழுத்து வலையைக் கரையேற்றுவார்கள். கண்ட இடத்தில் போட முடியாது. வலை போடுகிற இடத்துக்குப் பாடு என்று பெயர். எங்கள் கரையில் பாடு ஆறு. வலைச் சொந்தக்காரர்களான சம்மாட்டிமார் ஆறு பேர். இன்றைக்கு இந்தப் பாட்டில் போடுகிற வலை நாளைக்கு அடுத்த பாட்டுக்கு நகரும். நல்ல பாடும் கெட்ட பாடும் எல்லாருக்கும் ஒரே அளவில் வர வேண்டும் என்பதற்காக அந்த முறை. முறை இல்லாதவர் பாட்டில் கால் வைக்க முடியாது.

நானாவிடம் வலை இருந்தது. அகதியாக வந்த பத்துக் குடும்பம் சேர்ந்து, கிடைத்த நேரத்தில் துண்டு துண்டாகக் கட்டிச் சேர்த்த புது வலை. அது நானாவின் முன்னறையில், அலுமாரிக்குப் பக்கத்தில் மடித்தபடியே கிடந்தது. வீட்டுக்கு வருகிறவர்கள் கதிரை போதாமல் அதன்மேல் உட்காருவார்கள். ஒவ்வொரு வருஷமும் தென்மேற்குச் சோளகக் காற்று முடிந்து கடல் அமரும்போதும் நானா பள்ளிவாசலுக்குப் பக்கத்திலிருக்கிற கரைவலைச் சங்கத்துக்குப் போய்த் தங்களுக்கும் ஒரு முறை தரும்படி கேட்பார். பாடு ஆறுதான், ஏழாவது வலையை எங்கே நிறுத்துகிறது என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். சண்டை பிடித்து அனுப்புவதில்லை. தேத்தண்ணி கொடுத்துத்தான் அனுப்புவார்கள்.

இந்தத் தடவை சங்கத்துக்கே ஒரு தலையிடி. இளம் பெடியன்கள் ஹோட்டல் வேலைக்கும் வெங்காயத் தோட்டத்துக்கும் கட்டாருக்கும் போய்விட்டார்கள். ஒரு வலைக்கு இழுக்க ஆள் நிறைய, இன்னொன்றுக்கு ஆளே இல்லை. எந்தச் சம்மாட்டி நல்ல சாப்பாடு கொடுக்கிறார், யாருடைய வலை பாரம் என்று ஆட்களுக்குள்ளும் சண்டை. கடைசியில் இழுக்கிறவர்களை ஆறு கூட்டமாகப் பிரித்து, கூட்டங்களையும் முறை வைத்துச் சுற்றிவிடுவது என்று முடிவெடுத்தார்கள். ஆறு நாளில் ஒவ்வொரு கூட்டமும் ஒவ்வொரு பாட்டையும் ஒரு தடவை காண வேண்டும். ஒவ்வொரு வலையோடும் ஒரு தடவை வேலை செய்ய வேண்டும். யாரும் யாரையும் குறை சொல்ல முடியாது. சங்கத் தலைவர் ஸலீம் ஹாஜியார் இதை எழுதிப் பார்த்துச் சரிவராமல், நானாவைக் கூப்பிட்டு, கணக்குப் படித்த தங்கச்சி நோர்வேயில் இருக்கிறாவே, அவவிடம் கேள் என்றாராம்.

நானா அழைத்தபோது நான் ட்ராமில் நின்றுகொண்டிருந்தேன். வெளியே வழக்கமான மழை. இது ஒரு பெரிய விஷயமா, நாளைக்கே அனுப்பிவிடுகிறேன் என்றேன். நானாவின் குரலில் இருந்த பெருமையை இப்போதும் கேட்க முடிகிறது.

4

இனி நீங்கள் என்னைப் பார்த்துச் சிரிக்கலாம். இரண்டாம் பகுதியை எழுதியவள் நான்தான்.

அன்றைக்கே ட்ராம் சீட்டில் உட்கார்ந்து தொடங்கினேன். வலை நாளுக்கு ஒரு பாடு நகரட்டும், கூட்டம் இரண்டு பாடு நகரட்டும் என்று வைத்தேன். முதலாம் பாட்டில் தொடங்கிய கூட்டம் மூன்றாம் பாடு, ஐந்தாம் பாடு, மறுபடி முதலாம் பாடு என்று சுற்றும். அந்தக் கூட்டத்துக்கு இரண்டையும் நாலையும் ஆறையும் கண்ணால் காணக் கிடைக்காது. சரி, கூட்டம் எதிர்ப்பக்கமாக ஒவ்வொரு பாடாக வரட்டும் என்று மாற்றினேன். எல்லாப் பாடும் கிடைத்தது, ஆனால் மூன்று வலையை இரண்டு தடவை சந்தித்து மற்ற மூன்றைச் சந்திக்காமலே போனது. பிறகு ஒழுங்கையெல்லாம் விட்டுவிட்டுக் கட்டங்களைக் குலைத்துப் போட்டுப் பார்த்தேன். நெருங்கி நெருங்கி வரும், முடிவில் ஒன்றிரண்டு கட்டம் கோணும்.

நாளைக்கு என்றது ஒரு கிழமையாயிற்று. நானா இரண்டு தடவை குரல்செய்தி போட்டார். நான் வேலை கூட என்று பதில் போட்டேன். என் மகள் ஸஃபா, பதினைந்து வயது, சாப்பாட்டு மேசையில் நான் கட்டம் போடுவதைப் பார்த்து, சுடோக்கு விளையாடுகிற வயதாகிவிட்டதா என்று நோர்வேமொழியில் கேட்டுவிட்டு அறைக்குள் போனாள்.

பிடிபட்டது வகுப்பறையில். வழக்கமான விரிவுரை, முப்பத்தாறு அதிகாரிகளின் சதுரத்தைத் திரையில் போட்டுவிட்டுப் பேசத் திரும்பினேன். வரிசை என்ற இடத்தில் நாளைப் போடு. நிரல் என்ற இடத்தில் பாட்டைப் போடு. படைப்பிரிவு வலை, பதவி கூட்டம். நாள், பாடு, வலை, கூட்டம் ஆகிய நாலில் எந்த இரண்டு தெரிந்தாலும் மற்ற இரண்டும் தெரிய வேண்டும் என்பதுதான் ஹாஜியார் கேட்டது. என் நாலு தூதர்கள் சாரமும் தொப்பியுமாக ஒரு கிழமையாக என் முன்னால் வந்து நின்றிருக்கிறார்கள், நான் அடையாளம் காணவில்லை. மாணவர்களுக்கு முன்னால் தனியாகச் சிரித்த ஆசிரியை என்ற பெயரும் கிடைத்தது.

வெட்கம் இருந்தது, ஆனால் அதைவிடச் சந்தோஷம் கூட. இத்தனை வருஷம் நான் கட்டிக்கொண்டிருந்த கணக்கு காகிதத்தில் மட்டும் இருக்கிற ஒன்றல்ல. எங்கள் கரையில் அது நிஜமாகவே மனிதர்களை முட்ட வைத்துக்கொண்டிருந்தது.

அன்றைக்கே நானாவுக்குத் தொலைபேசி எடுத்தேன். ஆறு வலை, ஆறு கூட்டம், ஆறு பாடு, இது யாராலும் முடியாது என்றேன். ஏழென்றால் முடியும் என்றேன். ஏழா என்று நானா மெதுவாகக் கேட்டார். ஓம், ஏழு என்றேன். வலை நாளுக்கு ஒரு இடம் நகர வேண்டும், கூட்டம் இரண்டு இடம் நகர வேண்டும், எழுதி வைக்கக்கூடத் தேவையில்லை என்றேன். முன்னறையில் மடித்துக் கிடந்த வலையை நானா திரும்பிப் பார்த்திருப்பார் என்று நினைக்கிறேன்.

5

ஹாஜியார் என்னோடு நேரடியாகக் கதைக்க வேண்டும் என்றார். பள்ளிவாசலுக்குப் பக்கத்துச் சங்க அறையில் ஆறு சம்மாட்டிமாரும் இருக்க, நானாவின் தொலைபேசியை மேசையில் நிமிர்த்தி வைத்திருந்தார்கள். எனக்கு முகங்களில் பாதியும் கூரையில் பாதியும் தெரிந்தது.

ஹாஜியார் கெட்ட மனிதரல்ல. தொண்ணூறில் எங்களுக்கு முதல் சோற்றுச் சட்டி இறக்கிய வீடு அவருடைய வாப்பாவின் வீடு. ஆனால் அவர் விஷயத்தைச் சுற்றிவளைக்க மாட்டார்.

"மகள், நான் ஒண்டு கேட்டா கோவிக்கக் கூடாது. ஒங்கட நானாக்கு வலை ஈக்கு, முறை இல்ல. இப்ப ஒங்கட கணக்கும் ஏழு எண்டு வருது. இது கணக்கா, நானாவா?"

நியாயமான கேள்வி. அவருடைய இடத்தில் இருந்தால் நானும் அதைத்தான் கேட்டிருப்பேன். என் தங்கச்சி பொய் சொல்லமாட்டா என்று நானா குறுக்கே சொல்லப் போனார். நான் அவரை நிறுத்தினேன். நம்ப வேண்டாம், நீங்களே செய்து பாருங்கள் என்று ஹாஜியாரிடம் சொன்னேன். ஆறு விதமான வலை மிதப்பு எடுங்கள், ஆறு விதமான ஈயக்குண்டு எடுங்கள், தரையில் ஆறுக்கு ஆறு கட்டம் கீறி வைத்துப் பாருங்கள். வந்தால் நான் கணிதத்தை விட்டுவிடுகிறேன்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்த முடியவில்லை. கணக்கென்றால் முழுக்கச் சொல்ல வேண்டும், பாதி சொன்னால் ஹாஜியார் கேட்ட கேள்விக்கு 'நானா' என்பதுதான் பதில். ஆகவே சொன்னேன்: "இன்னொண்டும் ஈக்கு ஹாஜியார். அஞ்செண்டாலும் வரும்."

கூரைக்குக் கீழே ஒரு சலசலப்பு. நானா தொலைபேசியை எடுத்து அணைத்துவிட்டார்.

6

அதன் பிறகு நானா என்னோடு கதைக்கவில்லை. ஸலாம் சொல்லிப் போட்ட செய்திக்குப் பதில் இல்லை. நானாவின் மனைவி, மச்சிதான் ஒரு தடவை எடுத்து, அஞ்சு என்று ஏன் சொன்னீங்க, கேட்காத கேள்விக்கு ஏன் பதில் சொன்னீங்க என்று அழாக்குறையாகக் கேட்டா. அஞ்சு என்று முடிவாகி, ஒரு வலையை நிறுத்தி எல்லாக் கூட்டத்தையும் ஐந்தாகச் சுருக்கினால், இந்தப் பத்துக் குடும்பத்துக்கு முறை கிடைக்காதது போகட்டும், இருக்கிற கயிற்று வேலையும் குறையும். அது எனக்குத் தெரியாததல்ல.

அந்த நாட்களில் நான் சமாதானமாக இருக்கவில்லை. ஆனால் சொன்னதைத் திருப்பி எடுக்கவும் எனக்கு மனமில்லை. இந்த நாட்டுக்கு வந்த புதிதில் குடிவரவு அலுவலகத்தில் ஓர் அதிகாரி என் கோப்பைப் பார்த்துவிட்டு, பிறந்த இடம் மன்னார், வளர்ந்த இடம் புத்தளத்தில் முகாம், அப்படியானால் உங்கள் ஊர் எது என்று கேட்டார். எனக்கு நோர்வேமொழி அரைகுறை. 'என் ஊர் வரிசையில் நிற்கிறது' என்று சொல்லிவிட்டேன். காத்திருக்கிறது என்று சொல்ல வந்தது. அவர் சிரித்து, எந்த வரிசையில் என்று கேட்டார். அதே அலுவலகம் சில வருஷத்தில் எனக்குக் குடியுரிமை தந்தது. என்னை யாரென்றே தெரியாத நாட்டில் நான் குடிமகள் ஆகிவிட்டேன், ஒரே மொழி பேசி ஒரே பள்ளியில் தொழுகிற கரையில் நானாவுக்கு இன்னும் பாடு இல்லை. நினைத்தால் கோபம் வருகிறது, அதை மறைக்க நான் விரும்பவில்லை.

ஸஃபாவுக்கு இதெல்லாம் தூரத்துச் சங்கதி. அவளுக்கு நானா என்றால் திரையில் சாய்ந்து தெரிகிற ஒரு தாடி. அவளுடைய தமிழில் 'நீங்கள்' இல்லை. இங்கே பிரதமரையும் பூனையையும் ஒரே சொல்லால் அழைக்கிறார்கள், ஆகவே மாமாவையும் 'நீ' என்றுதான் கேட்பாள். நானா அதற்குச் சிரிப்பார், மச்சி சிரிக்கமாட்டா. நானா கோபமாக இருக்கிறார் என்று நான் சொன்னபோது, நீ உண்மையைத்தானே சொன்னாய், அதற்கு ஏன் கோபம் என்றாள். அவளுக்கு விளங்கவைக்க முடியவில்லை. நான் வாப்பாவின் வலையைக் கண்டிருக்கிறேன், அவள் காணவில்லை. அவள் சொன்னது சரி என்பதும் தெரிந்தேதான் இருந்தது.

7

இடையில் கரையில் நடந்ததை நான் பின்னால்தான் கேட்டறிந்தேன்.

ஹாஜியார் மிதப்பையும் ஈயக்குண்டையும் உண்மையாகவே எடுத்திருக்கிறார். கரையிலிருக்கிற மீன்வாடிக்குள் சீமெந்துத் தரையில் கரித்துண்டால் கட்டம் கீறி, பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு வந்து உட்கார்ந்தால் பொழுதுபட்டு மஃரிபுக்குப் பாங்கு சொல்லும் வரை எழும்புவதில்லையாம். யாரும் பக்கத்தில் வந்து யோசனை சொன்னால் எரிந்து விழுவாராம். கோணுகிற இரண்டு கட்டத்தை இந்த மூலையிலிருந்து எடுத்தால் அந்த மூலையில் போய் உட்கார்ந்துகொள்ளும். பிறகு ஒரு நாள் ஐந்து வைத்துப் பார்த்தார். உடனே வந்தது. ஏழு வைத்துப் பார்த்தார். வலைக்கு ஒன்று, கூட்டத்துக்கு இரண்டு என்று நகர்த்த, ஒரு தடங்கலும் இல்லாமல் வந்தது. கலைத்துவிட்டு மறுபடியும் செய்தாராம், கை தானாகப் போனதாம்.

மறுபடி சங்க அறை, மறுபடி மேசையில் தொலைபேசி. இந்தத் தடவை நானா பின்வரிசையில், முகம் கொடுக்காமல் நின்றார். ஹாஜியார் முதலில் என்னிடம், கணக்கு சரிதான் என்று எல்லார் முன்னாலும் சொன்னார். எனக்கு மாட்சிமை தங்கிய சபைகள் பாராட்டுக் கடிதம் தந்திருக்கின்றன. எதுவும் இந்த இரண்டு சொல்லுக்குப் பக்கத்தில் வராது.

பிறகு ஒருவர், அப்படியென்றால் அஞ்சே போதும், புது ஆட்களை ஏன் சேர்க்க வேண்டும் என்றார். இரண்டு மூன்று தலைகள் ஆடின. இதற்குத்தான் நான் காத்திருந்தேன். ஒன்றும் அவசரமில்லாமல் கேட்டேன்.

"அஞ்சு நல்ல கணக்கு, ஹாஜியார். ஆறு பேர் இரிக்கிறீங்க. யாரு போறது?"

சம்மாட்டிமார் ஒருவரை ஒருவர் பார்க்காமலிருக்கப் பாடுபடுவது நோர்வே வரைக்கும் தெரிந்தது. அஞ்சே போதும் என்று சொன்னவர்தான் முதலில் தலையைக் குனிந்தார். அவருடைய வலைதான் ஆறிலும் பழசு.

எப்போதும் சொல்கிற காரணம் அப்போதும் மிச்சம் இருந்தது. பாடு ஆறுதானே, ஏழாவது வலை எங்கே நிற்கும் என்று யாரோ கேட்டார்கள். காகிதத்தில் ஏழு என்று எழுதலாம், கடற்கரையை இழுத்து நீட்ட முடியாது. நான் வாயைத் திறக்கும் முன்பே ஹாஜியார் கையை உயர்த்தினார்.

"ஒரு வலை எப்பவும் கரையில கிடந்து தைபடுதுதானே. அதையும் ஒரு பாடா வைப்பம். ஏழாவது பாடு கரை. ஏழு நாளைக்கு ஒருக்கா ஒவ்வொரு வலையும் கரையில தங்கும், அண்டைக்கு வாற கூட்டம் தைச்சுக் குடுக்கும். கிழிஞ்ச வலையோட கடலுக்குப் போற பைத்தியமும் நிக்கும்."

அவ்வளவுதான். கரித்துண்டோடு வாடித் தரையில் உட்கார்ந்திருந்த நாட்களில் அவர் இதையும் யோசித்து வைத்திருக்கிறார். ஏழு தொழில் நாள் ஒரு சுற்று, வெள்ளிக்கிழமை லீவு. ஏழாவது வலை அகதி வலை என்று யாரோ சொல்ல, ஹாஜியார் அவரைப் பார்த்து, ஏழாம் நம்பர் வலை என்று திருத்தினாராம். இதை எனக்குச் சொன்னவர் நானா. அன்றிரவே எடுத்தார். மன்னிப்பு, கோபம், அஞ்சு, ஒன்றைப் பற்றியும் கதைக்கவில்லை. அங்கே மழையா என்று மட்டும் கேட்டார். ஓம் நானா, மழைதான் என்றேன்.

8

நேற்றுத்தான் புது முறையின் முதல் நாள். தொடங்குகிற இடத்துக்குச் சீட்டுக் குலுக்கினார்கள். முதல் நாள் மட்டும் அவரவர் கூட்டம் அவரவர் வலையோடு நிற்கும், மறுநாளிலிருந்து சுற்றும். ஹாஜியாருக்கு ஆறாம் பாடு விழுந்தது. நானாவுக்கு விழுந்தது ஏழு.

அதாவது கரை. கடலைக் காணாத, ஓர் ஓட்டைகூட இல்லாத புது வலைக்கு முதல் முறையே தையல் முறை. செய்தி கிடைத்தபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. இத்தனை பாடுபட்டு முதல் நாளே இப்படியா என்று நினைத்தேன். காலையில் வேலைக்குப் போகும் முன், அங்கே வெயில் ஏறியிருக்கும் என்று கணக்குப் பார்த்து எடுத்தேன். ஸஃபாவும் தோளுக்குப் பின்னால் வந்து நின்றாள்.

நானா மணலில் வலைமேல் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் பத்துக் குடும்பத்து ஆட்களும் தேத்தண்ணியோடு இருந்தார்கள். தைக்கிறதுக்கு ஒன்றுமில்லை, ஆனாலும் யாரும் வீட்டுக்குப் போகவில்லை. பின்னால் ஆறு பாட்டிலும் கயிறு இழுக்கிற சத்தம். நாளைக்கு நானாவின் வலை முதலாம் பாட்டுக்கு வரும், அங்கே அதை இழுக்கப்போவது ஆறாம் கூட்டம், ஹாஜியாருடைய ஆட்கள். அதை நான் மனதுக்குள் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"மாமா, நீ ஏன் இழுக்கல்ல?" என்று ஸஃபா கேட்டாள்.

நானா தொலைபேசியைக் கொஞ்சம் நிமிர்த்திப் பிடித்தார்.

"முப்பது வருஷத்துக்கு மேல இந்தக் கரையில இருந்திருக்கேன் மகள், முறை இல்லாம. இண்டைக்குத்தான் முறையில இருக்கேன்."